ஏடன் கோப்புகளில் ‘ஆலோசனை’ என்ற சொல்லைப் படிப்பது எப்படி

அரபு ஷேக்குகளின் நாடுகளைப் பிரிட்டன் நேரடியாக ஆள வேண்டுமா, உள்ளூர்த் தலைவர்களை முன்னிறுத்தி மறைமுகமாக ஆள வேண்டுமா என்று அதிகாரிகள் தங்களுக்குள் நூறாண்டுக்கும் மேலாக வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாதத்தை மூலக் கோப்புகளிலேயே படிக்க விரும்புபவருக்கான வழிகாட்டி இது. இன்றைய ஏமனின் துறைமுக நகரான ஏடனையும் அதன் பின்னிலத்தையும், அதாவது நகரைச் சூழ்ந்த உள்நாட்டுப் பகுதியையும், முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். வாதத்தின் இரு தரப்பும் ஒரே நிலத்தில் மாறி மாறிச் சோதித்துப் பார்க்கப்பட்ட இடம் அது.

எந்தக் குறிப்பைப் படித்தாலும், அதில் சொல்லப்பட்ட கருத்துக்குள் நுழையும் முன், அது எந்த அலுவலகத்திலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனது என்று பாருங்கள். ஏடனை 1839 ஜனவரியில் கைப்பற்றியது கிழக்கிந்தியக் கம்பெனி. ஆகவே அந்நகரம் 1932 வரை பம்பாயின் நிர்வாகத்திலும், பின்னர் ஐந்தாண்டுகள் நேரே இந்திய அரசின் கீழும் இருந்து, 1937 ஏப்ரலில்தான் லண்டனின் குடியேற்ற நாடாயிற்று. நகரைச் சூழ்ந்த சுல்தான்களையும் ஷேக்குகளையும் கவனிக்கும் பொறுப்போ 1921-லேயே லண்டனில் இருந்த குடியேற்ற அமைச்சின் கைக்குப் போய்விட்டது. பின்னிலத்தில் ஒரு சாலை போட வேண்டுமென்றால், அதை விரும்புவது ஒரு அலுவலகமாகவும் அதற்குப் பணம் தர வேண்டியது இன்னொரு அலுவலகமாகவும் இருக்கும். ‘உள்விவகாரத்தில் தலையிடலாகாது’ என்ற உயர்ந்த கொள்கை பல கோப்புகளில் செலவுக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது என்பது என் எண்ணம். ஏடனைப் பிடித்த கேப்டன் ஹெய்ன்ஸ் பின்னாளில் கருவூலக் கணக்கில் பணம் குறைந்ததற்காகப் பம்பாய்ச் சிறையில் ஆறாண்டுகள் கிடந்தார். மேலிடம் கணக்கை எவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்து ஒப்பந்தங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் எழுதியிருப்பதைப் போலவே எழுதாமல் விட்டிருப்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1873-இல், ஏமனைப் பிடித்திருந்த துருக்கியப் படை ஏடனுக்கு வடக்கே உள்ள லஹேஜ் சுல்தானின் நாட்டை நெருங்கியபோது, ஏடனைச் சுற்றியிருந்த ஒன்பது குலங்களைத் தன் பாதுகாப்புக்கு உட்பட்டவை என்று பிரிட்டன் அறிவித்தது. 1886 முதல் தலைவர்களோடு தனித்தனியே பாதுகாப்பு ஒப்பந்தங்கள் செய்துகொண்டது. அவற்றின்படி தலைவர் தம் நிலத்தை வேறு எந்த அரசுக்கும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. வெளியரசுகளோடு தனியே கடிதத் தொடர்பு கொள்ளவும் கூடாது. அவர் தம் மக்களை எப்படி ஆள வேண்டும் என்று ஒரு வரியும் அவற்றில் கிடையாது. தலைவருக்கு மாதப் படித்தொகையும் அவ்வப்போது துப்பாக்கிகளும் தோட்டாக்களும் கிடைத்தன. பிற்கால வாதம் முழுவதும் ஒப்பந்தம் பேசாமல் விட்ட அந்த வெற்றிடத்தில்தான் நடந்தது.

மூன்றாவதாக, எல்லா நாடுகளையும் ஒரே நேரத்தில் புரிந்துகொள்ள முயலாமல், ஏதாவது ஒரு சிறு நாட்டைப் பற்றிக்கொண்டு அதன் கதையை இறுதிவரை தொடருங்கள். நான் பரிந்துரைப்பது ஏடனுக்கு வடக்கே மலைமேல் உள்ள தாலா. துருக்கியரோடு எல்லை வகுக்கும் வேலை நடந்துகொண்டிருந்த 1904-இல் அங்கே ஓர் அரசியல் அதிகாரி அமர்த்தப்பட்டார். ஹரால்ட் ஜேக்கப் என்ற அந்த அதிகாரி மலைநாட்டுக் குலங்களோடு நெருங்கிப் பழகுவதே நல்லது என்று நம்பியவர். லண்டனில் இந்திய அமைச்சராக இருந்த ஜான் மார்லி அதை ஏற்கவில்லை. ஏடன் ஒரு கோட்டை, அதைக் காத்தால் போதும், உள்நாட்டுச் சச்சரவுகளில் கை வைக்க வேண்டாம் என்பது 1906-இல் அவர் எடுத்த முடிவு. மறு ஆண்டு அதிகாரியும் படையும் மலையை விட்டு இறங்கினர்.

இந்த இடத்தில் வாசகர் எளிதில் வழுக்கி விழலாம். ஜேக்கப்பை ஆதிக்க வெறியராகவும் மார்லியைத் தாராளவாதியாகவும் பார்க்கத் தோன்றும். ஆனால் விளைவுகளைத் தொடர்ந்து படித்தால் அந்தப் பிரிப்பு நிற்காது. 1915 ஜூலையில் துருக்கியர் லஹேஜுக்குள் நுழைந்தபோது, பிரிட்டனின் பாதுகாப்பை நம்பியிருந்த சுல்தான் அலி, உதவிக்கு வந்த படையினரே இருட்டில் தவறுதலாகச் சுட்டதில் உயிரிழந்தார். போர் முடியும் வரை துருக்கியர் அங்கேயே இருந்தனர். போருக்குப் பின் தாலாவை வடக்கே ஏமனை ஆண்ட இமாமின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். 1928-இல் விமானக் குண்டுவீச்சுக்குப் பிறகே வெளியேறினார்கள். ஆட்சிப் பொறுப்பை ஏற்காமலே வானிலிருந்து தண்டிக்க முடியும், அதுவும் குறைந்த செலவில், என்று கண்டுகொண்ட பிறகு மறைமுக ஆட்சி என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. 1928-க்குப் பிந்தைய கோப்புகளில் அந்தச் சொல்லைக் காணும்போது அருகிலேயே விமானப்படையின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இனி ‘ஆலோசனை’ என்ற சொல்லுக்கு வருவோம். ஏடனுக்குக் கிழக்கே உள்ள ஹத்ரமௌத்தில் 1937-இல் ஹரால்ட் இங்க்ராம்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி நூற்றுக்கணக்கான குலத்தலைவர்களிடம் கையொப்பம் வாங்கி மூன்றாண்டு அமைதி உடன்பாட்டைக் கொண்டுவந்தார். அதற்குச் சற்று முன்பு ஒரு குலத்தின்மேல் குண்டு வீசப்பட்டிருந்தது. அதே ஆண்டில் அப்பகுதியின் துறைமுகமான முகல்லாவை ஆண்ட குஐத்தி சுல்தான் ஒரு புதிய ஒப்பந்தம் செய்துகொண்டார். ஐதராபாத் நிஜாமின் படையில் பணியாற்றிப் பொருள் சேர்த்த குடும்பம் அவருடையது. ரெசிடென்ட், அதாவது உள்ளூர் மன்னரிடம் அமர்த்தப்படும் பிரிட்டிஷ் பிரதிநிதி, என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. இஸ்லாமிய மதமும் வழக்கமும் சார்ந்தவை தவிர எல்லா விஷயங்களிலும் பிரிட்டிஷ் ஆலோசகரின் ஆலோசனையை ஏற்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் சாரம். ஏற்றே தீர வேண்டிய ஒன்றை ஆலோசனை என்று அழைப்பதுதான் இத்துறையின் தனி மொழி. புதுக்கோட்டை, திருவிதாங்கூர் வரலாறு படித்தவர்களுக்கு அந்த மொழி பழகியதாகவே இருக்கும்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: வாரிசைத் தேர்ந்தெடுத்தவர் யார், சுங்கப் பணம் யார் கையில், ஆயுதம் தாங்கியவர்கள் யார் சொல் கேட்டார்கள், வெளிநாட்டவர் வழக்கை விசாரித்தவர் யார். பஹ்ரைனில் இவற்றைப் பொருத்திப் பாருங்கள். 1869 முதல் ஆண்டுவந்த ஷேக் ஈசா 1923 மே மாதம் பிரிட்டிஷ் அதிகாரிகளால் ஒதுக்கப்பட்டு, அதிகாரம் மகன் ஹமதின் கைக்குப் போயிற்று. பதவி விலகியதாக ஈசா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் 1932-இல் இறக்கும் வரை ஹமத் துணை ஆட்சியாளர் என்றே இருக்க நேர்ந்தது. 1926-இல் ஆலோசகராக வந்த சார்லஸ் பெல்கிரேவ் 1957 வரை அங்கிருந்தார். காகிதத்தில் பஹ்ரைன் ஒருநாளும் குடியேற்ற நாடு ஆகவில்லை. ஆனால் நான்கு கேள்விகளையும் கேட்டால், 1937-க்கு முந்தைய ஏடன் பின்னிலத்தைவிட பஹ்ரைன்தான் நேரடி ஆட்சிக்கு மிக அருகில் நிற்கிறது.

கோப்புகள் கிடைக்கும் இடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளைகுடா ரெசிடென்சியின் கோப்புகள் இந்தியா அலுவலக ஆவணங்களில் ‘ஆர்/15’ வரிசையில் உள்ளன; அவற்றில் பெரும்பகுதியைக் கத்தார் டிஜிட்டல் நூலகத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஏடன் கோப்புகளின் வரிசை ‘ஆர்/20’. அது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஷேக்குகளின் அரபுக் கடிதம் கோப்பில் இணைக்கப்பட்டிருந்தால், அரபு தெரிந்த ஒருவரின் துணையோடு அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் ஒப்பிடுங்கள். மரியாதைச் சொற்களையும் மனக்குறைகளையும் மொழிபெயர்ப்பாளர் சுருக்கியிருக்கக்கூடும். தலைவரின் தரப்பு பல நேரங்களில் அந்த வரிகளில்தான் இருக்கும்.

கடைசியாக, தாலாவின் கதையை 1907-உடன் நிறுத்திவிடாதீர்கள். 1958-இல் லஹேஜ் சுல்தான் அலி அப்துல் கரீம் வெளிநாட்டில் இருந்தபோதே பிரிட்டன் அவருக்கு அளித்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. 1959 பிப்ரவரியில் ஆறு நாடுகளைக் கொண்டு ஒரு கூட்டாட்சி தொடங்கப்பட்டது; அரை நூற்றாண்டுக்கு முன் ‘நமக்கு வேண்டாம்’ என்று கைவிடப்பட்ட தாலா அந்த ஆறில் ஒன்று. அந்த ஆண்டின் ஒப்பந்தத்தையும் 1937-இன் முகல்லா ஒப்பந்தத்தையும் அருகருகே வைத்து, ஆலோசனை பற்றிய பிரிவுகளை வரிக்கு வரி ஒப்பிட்டு உங்கள் குறிப்பேட்டைத் தொடங்குங்கள்.