உதவாக்கரைகள் ஓட்டும் விண்கலம்: கதை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

எந்தப் பூட்டையும் திறக்கும் திருடி ஒருத்தி, பயிற்சிப் பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட விமானி, வாயே திறக்காத மெக்கானிக், எதற்கெடுத்தாலும் ஜோக்கடிக்கும் ஒருவன், கூடவே ஒரு ரோபோ. இளையோருக்கு விண்வெளிச் சாகசக் கதை எழுத உட்காரும் பலரும் முதல் நாளே இப்படி ஒரு பட்டியல் போட்டுவிடுகிறார்கள். நானும் போட்டேன். என்னுடையதில் ரோபோவுக்குப் பதில் பூனை.

பட்டியல் போடுவதில் தப்பில்லை. அதையே குழு என்று நம்பிவிடுவதுதான் முதல் சறுக்கல். உதவாக்கரை என்பது ஒருவருடைய குணம் அல்ல, அவரைப் பற்றி யாரோ கொடுத்த தீர்ப்பு. கொடுத்தது யார், எதற்கு உதவமாட்டான் என்றார்கள் என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'அடங்காதவன், அதனால் துரத்திவிட்டார்கள்' என்பது படித்துப் படித்துச் சலித்த காரணம். அதற்குப் பதிலாக, எதையும் மூன்று முறை சரிபார்க்காமல் கையை நகர்த்தமாட்டான், அதற்குள் தேர்வு நேரம் முடிந்துபோகும், அதனால் தோற்றான் என்று வைத்துப் பாருங்கள். கலத்தில் ஒரு நாள் அந்த நிதானம் எல்லோர் உயிரையும் காப்பாற்றும். இன்னொரு நாள் அதே நிதானத்தால் ஒருத்தி சாகப் பார்ப்பாள். இரண்டும் நடக்க வேண்டும். குறை வரமாக மாறுவது மட்டும் நடந்தால் அது நீதிக்கதை.

1963-இல் விண்வெளிக்குப் போன முதல் பெண் வாலன்டினா தெரஷ்கோவாவுக்கு அப்போது வயது 26. நெசவாலையில் வேலை பார்த்தவர், விமானி இல்லை. ஆனால் பாராசூட்டில் குதித்துப் பழகியவர். அவர் போன வோஸ்டாக் வகைக் கலத்தில், திரும்பி வரும்போது பயணி இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, தனியாகப் பாராசூட்டில்தான் தரையிறங்க வேண்டும். அங்கே அந்தப் பழக்கம் பெரிய தகுதி. இப்போது உங்கள் திருடிக்கு வாருங்கள். அவள் இல்லாவிட்டால் கலத்தில் எந்த வேலை நின்றுபோகும்? பதில் இல்லையென்றால் அவள் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம், பெரியவர்களைத் தொலைப்பது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வெடிவிபத்து, பெரியவர்கள் அத்தனை பேரும் காலி, பதினாறு வயதுப் பெண் கேப்டன். இது எழுதியவரின் சௌகரியம் என்று வாசகருக்கு உடனே தெரிந்துவிடும். விபத்தே வேண்டாம், தூரம் அந்த வேலையைச் செய்யும். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச் சேர, இரு கோள்களும் இருக்கும் இடத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் ஆகும். பதில் வர மறுபடியும் அவ்வளவு. காற்று கசிகிறது, என்ன செய்ய என்று கேட்டால், 'எதையும் தொடாதே' என்ற பதில் 40 நிமிடம் கழித்து வரும். அதற்குள் தொட்டாயிற்று. பெரியவர்கள் உயிரோடு இருக்கட்டும், திட்டட்டும், ஆனால் தாமதமாகத் திட்டட்டும். பூமியோடு தொலைபேசியில் பேசுவதுபோல உடனுக்குடன் பேச வைப்பவர்கள் இந்தப் பதற்றத்தை வீணடிக்கிறார்கள்.

இன்னும் தொலைவு வேண்டுமா? சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி, சுமார் 4.2 ஒளியாண்டு. ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கில் போனாலும் 40 ஆண்டுக்கு மேல் ஆகும். கலத்திலேயே பிறந்த பிள்ளைகள், தங்களை யாரும் கேட்காமல் முடிவுசெய்த பயணத்தில் வளர்கிறார்கள். பதின்பருவக் கோபத்துக்கு இதைவிட நியாயமான காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது வேறொன்று: கலம் ஒரு பூட்டிய அறை என்பதையே மறந்துவிடுவது. சண்டை போட்டவன் 'கோபமாக வெளியேறினான்' என்று எழுதுகிறார்கள். எங்கே போவான்? ராத்திரியும் அதே மேசை, அதே முகங்கள், அதே ஒற்றைக் கழிப்பறை. 1973 நவம்பரில் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்துக்குப் போன மூவருக்கும் அதுதான் முதல் விண்பயணம். 84 நாள் இருந்தார்கள். தொடக்கத்திலேயே ஒருவர் வாந்தி எடுத்தார். தரையில் சொல்ல வேண்டாம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைக் கலத்திலிருந்த ஒலிப்பதிவுக் கருவி பதிந்துகொண்டிருந்தது. தரையில் கேட்டுவிட்டார்கள், நல்ல டோஸ் விழுந்தது. பிறகு வேலை மேல் வேலை குவிந்து பின்தங்கினார்கள். டிசம்பர் கடைசியில் தரையோடு மனம்விட்டுப் பேசிய பிறகுதான் நிலைமை சீரானது. ஒரு வாந்தி, ஒரு சின்னப் பொய். இதற்கு மேல் விண்வெளிக் கொள்ளையர் எதற்கு?

அறிவியல் பிழைகளைப் பலரும் சொல்லியாயிற்று, வேகமாகக் கடந்துவிடலாம். வெளியே கலம் வெடித்தால் சத்தம் கேட்காது. சிறுகோள் பட்டையில் பாறைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஓட்ட வேண்டியதில்லை, அங்கே இடைவெளி லட்சக்கணக்கான கிலோமீட்டர். விண்வெளி உடை கிழிந்தவர் அந்த நொடியே உறையவும் மாட்டார், வெடிக்கவும் மாட்டார். 1966-இல் நாசாவின் வெற்றிட அறையில், உடையின் குழாய் கழன்றுபோன ஒருவர் சுமார் 14 நொடி நினைவோடு இருந்தார். நாக்கில் எச்சில் கொதித்ததுதான் அவருக்குக் கடைசியாக நினைவிருந்தது. பிழைத்துவிட்டார். ஒரு காட்சிக்கு 14 நொடி தாராளம். ஒருவரை ஒருவர் பிடிக்காத இருவரில் ஒருவர் வெளியே, மற்றவர் கையில் கயிறு.

சரி, கயிற்றை வீசிவிட்டார். உடனே யாரையாவது 'நாம எல்லாரும் ஒரே குடும்பம்' என்று பேச வைக்காதீர்கள். மெக்கானிக் வாய் திறக்காமலே தன் பங்குத் தண்ணீரை நகர்த்தி வைத்தால் போதும். விமானிக்கும் திருடிக்கும் கடைசி வரை ஒத்துப்போகாமலே இருக்கலாம்.

முடிவில் பதக்கமும் வேண்டாம். துரத்திய பள்ளியே விமானியைக் கைதட்டி வரவேற்றால், தீர்ப்புச் சொல்லும் உரிமை மறுபடியும் பள்ளியிடமே போகிறது. வந்த அழைப்பை அவன் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு வேறு கலத்தில் ஏறட்டும்.

என் பூனையை மூன்றாவது வரைவில் நீக்கிவிட்டேன். கலத்தில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. தவிர, எடையில்லாத இடத்தில் அதன் மணல்பெட்டியை எப்படிச் சமாளிப்பது என்பது எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.