வெளிநாட்டு ஆபீசுக்கு மூன்று வாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவைப் பக்கம் பம்பு, வால்வு, ஜவுளி இயந்திரம் என்று எந்தத் தொழிலாக இருந்தாலும், வெளிநாட்டில் ஒரு ஆபீஸ் இருந்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு இங்கிருந்து ஆள் போவதும் அங்கிருந்து ஆள் வருவதும் வழக்கமாகிவிட்டது. நான் இருக்கும் பம்பு நிறுவனத்தில், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கமுள்ள ஆபீசுக்குப் போகிறவர்களைத் தயார் செய்து அனுப்புவது என் பொறுப்பு. முன்னால் போனவர்கள் செய்த தவறுகளையே புதிதாகப் போகிறவர்களும் அச்சு மாறாமல் செய்துவிட்டு வருகிறார்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள், பிளக் அடாப்டர் வாங்கிக்கொள் என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்புவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விசாவில் ஒன்று, அங்கே செய்வது இன்னொன்று

ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள் தங்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். நாள் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. கூட்டம், கலந்துரையாடல் என்று அழைப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு போய், அங்கே ஸ்பேனரைக் கையில் பிடித்து வேலை செய்தால் சிக்கல் வரலாம். என்ன செய்யப் போகிறீர்களோ அதையே கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் டிக்கெட் போடும் முன்பே எச்.ஆரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கறிவேப்பிலை

பெட்டியில் வைக்காதீர்கள். நெய்யும் பால்கோவாவும் அப்படித்தான், சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். தேங்காய்க்குத் தடையில்லை. பருப்புப்பொடி போதும்.

ஆள் அங்கே, வேலை இங்கே

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

எங்கள் பம்புகளில் ஒரு மாடல், டெஸ்ட் ஷீட்டில் எல்லாம் சரியாக இருந்தும், களத்தில் சில மாதம் ஓடியதும் உள்ளே சுழலும் சக்கரமான இம்பெல்லர் பொத்தல் பொத்தலாக அரித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஜெர்மன் ஆபீசின் டெஸ்ட் பெஞ்சில் வயதான டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். அந்த ஆண்டோடு ஓய்வு பெறப் போகிறவர். அவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வா என்று அன்னூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனை அனுப்பினோம். நல்ல டிசைன் இன்ஜினியர், கெட்டிக்காரன்.

அங்கே பார்க்க வேண்டியது இதுதான். உறிஞ்சும் பக்கத்து வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக நெரித்துக்கொண்டே போய், நீரோட்டம் மாறாமல் இருக்கும்போதே ஹெட், அதாவது பம்பு நீரை ஏற்றும் உயரம், 3 சதவீதம் குறையும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். உறிஞ்சும் பக்கத்தில் குறைந்தபட்சம் வேண்டிய அழுத்தம் என்று டெஸ்ட் ஷீட்டில் என்பிஎஸ்எச் பெயரில் ஏறுவது அந்த இடத்து எண்தான். ஆனால் கேவிட்டேஷன் அந்த 3 சதவீதம் வரும்வரை காத்திருக்காது. வெகு முன்பே நீராவிக் குமிழிகள் உண்டாகி, அழுத்தம் கூடும் இடத்தில் உடைந்து, உலோகத்தைக் கொத்த ஆரம்பித்துவிடும். மீட்டர் முள் அசையாது, சத்தம் மாறும். பம்பின் வெளிக்கூடான கேசிங்குக்குள் சல்லிக்கல் உருளுவது போல லேசாகக் கேட்கும். அந்த டெக்னீஷியன் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் கேசிங்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்பார். சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே கூடுகிறது என்று சாக்பீஸில் வால்வு மேலேயே கோடு போடுவார். அந்தக் கோட்டுக்கும் ஷீட்டில் உள்ள எண்ணுக்கும் நடுவில்தான் எங்கள் இம்பெல்லர் செத்துக்கொண்டிருந்தது.

பையன் அதைப் பார்க்கவே இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீட்டிங் அறையில் உட்கார்ந்திருந்தான். அங்கே காலை 8 மணி என்றால் இங்கே கோடையில் 11:30, குளிர்காலத்தில் 12:30. அங்கே மாலை 4 மணிக்குக் கிளம்பும்போது இங்கே இரவு 7:30, இல்லையென்றால் 8:30. அதாவது அவர்களுடைய வேலை நேரம் முழுவதும், கோவையிலிருந்து போன் வரும் நேரமாகவே இருக்கும். டெக்னீஷியன் இரண்டு முறை கண்ணாடிக் கதவருகே வந்து கூப்பிட்டிருக்கிறார். இவன் ஐந்து விரலைக் காட்டியிருக்கிறான், ஐந்து நிமிஷம் என்று. அழைப்பு முடிந்து இவன் போனபோது அவர் பம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

திரும்பி வந்ததும் கேட்டேன். “அண்ணா, டெய்லி ரிவ்யூ இருந்துச்சுங்க. நான் இல்லைன்னா டிராயிங் ரிலீஸ் ஆகாதுங்களே” என்றான். அவனை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? கூப்பிட்டது இங்கிருந்த மேனேஜர். விமானக் கட்டணம், ஓட்டல், படி எல்லாம் கொடுத்து அனுப்பிய ஆளை, அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் மாதிரியே நடத்தினார். பிறகு மெயில் போட்டுக் கேட்டோம். ஒழுங்கான பிடிஎஃப் வந்தது. எண்கள் எல்லாம் இருந்தன. எந்த இடத்தில் காதை வைப்பது, எந்தச் சத்தத்தை விடலாம், எதை விடக்கூடாது என்பது அதில் இல்லை. அதற்குள் அவரும் ஓய்வு பெற்றுவிட்டார்.

அதனால் இப்போது நான் பிடிவாதமாக இருப்பது இதில்தான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கிளம்புகிற அன்று ஒப்படைத்தால் அது ஒப்படைப்பே அல்ல. அந்த ஒரு வாரம் நீங்கள் பக்கத்து இருக்கையில் இருந்தாலும் வேலையை அவரே ஓட்டட்டும், எங்கே தடுமாறுகிறார் என்று அப்போதே தெரிந்துவிடும். டிராயிங் ரிலீஸ் செய்யும் அனுமதியையும் அவருக்கே மாற்றிவிடுங்கள். நாளுக்கு ஒரே ஒரு அழைப்பு, அரை மணி நேரம், அங்கே காலையில் வேலை தொடங்கும் முன்பு. இதை மேனேஜர் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சு முதல் அவசரத்திலேயே காற்றில் போய்விடும். பெஞ்சுக்குப் போகும்போது லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு நோட்டை மட்டும் எடுத்துப் போங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம்

எதையும் வைக்காதீர்கள். ஆள் இருக்க மாட்டார்கள்.

போட்டோ

கேட்காமல் எடுக்கக்கூடாது. பட்டறைக்குள் கேட்டாலும் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். கையால் வரைந்துகொள்ளுங்கள்.

நம்மவர்களோடு மட்டும் சாப்பிடுவது

அங்கே தமிழ் பேசுகிறவர் யாராவது இருப்பார், பார்த்ததும் மனசு லேசாகிவிடும். சாயங்காலம் அவரோடு இருங்கள். மதியச் சாப்பாட்டை மட்டும் டெஸ்ட் பெஞ்ச் ஆட்களோடு வைத்துக்கொள்ளுங்கள். 12 மணிக்கே கிளம்பிவிடுவார்கள், நம் பழக்கத்தில் ஒரு மணிக்குப் போனால் மேஜை காலியாக இருக்கும். மீட்டிங்கில் சொல்லாத விஷயத்தைத் தட்டை வைத்துக்கொண்டு சொல்வார்கள். அசைவம் சாப்பிடாதவர்கள் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

வந்ததும் ஸ்லைடு போடுவது

வேண்டாம். பார்த்ததை நம் பெஞ்சில் நின்று ஒரு முறை செய்து காட்டினால் போதும்.

அங்கிருந்து வருகிறவர்களிடம் செய்யும் தவறு

இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ஜெர்மன் ஆபீசிலிருந்து ஆள் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஏசி அறையில் உட்கார வைத்து, சமோசா கொடுத்து, ஸ்லைடு காட்டுகிறோம். சனி ஞாயிறு ஊட்டிக்குக் கூட்டிப் போகிறோம். உபசரிப்பில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் அவர் வரைகிற பம்பு இங்கே என்ன பாடுபடுகிறது என்பதைப் பார்க்காமலே விமானம் ஏறிவிடுகிறார். ஆயிரம் அடி போர்வெல் என்றால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அது வெறும் எண். நீர்மட்டம் இறங்கி நீர்மூழ்கி மோட்டார் வெறுமனே ஓடுவது, மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்காக விவசாயி ராத்திரி எழுந்து ஸ்விட்ச் போடுவது, வோல்டேஜ் விழுந்து மோட்டார் காயில் கருகுவது இதெல்லாம் அவருடைய டிராயிங்கில் இருக்காது. வருகிறவரை முதல் வாரத்திலேயே அன்னூர், பல்லடம் பக்கம் ஏதாவது தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். காயில் கட்டும் கடையிலும் அரை நாள் நிறுத்தி வையுங்கள். மொழிபெயர்க்க உடன் ஒருவர் போகட்டும், அவருக்கும் அன்று ஆபீஸ் போன் கூடாது.