ஆட்டிசம் உள்ள குழந்தையுடன் டெல்டாவுக்குத் திரும்புபவர்களுக்கு

வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் குடும்பத்தோடு திரும்புபவர்கள் வாடகை வீட்டைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் விசாரிக்கும் அளவுக்கு, ஆட்டிசம் உள்ள குழந்தையை யாரிடம் காட்டுவது என்று விசாரித்துக்கொண்டு வருவதில்லை. நாங்களும் அப்படித்தான் வந்தோம்; முதல் ஆறு மாதங்களை அதற்கே பறிகொடுத்தோம்.

குழந்தையின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற குழந்தைநல மருத்துவர்கள் இந்தப் பகுதியில் மிகக் குறைவு. ஆகவே, தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட இடையீட்டு மையத்திலிருந்து தொடங்குவது நல்லது. பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும் இந்த மையத்தில், குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் ஆகியோரை ஒரே கூரையின் கீழ், கட்டணமின்றிப் பார்க்கலாம். பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு எந்த முடிவுக்கும் வருவதற்கு முன் செவித்திறன் பரிசோதனை செய்திருக்க வேண்டும். வெளிநாட்டில் செய்திருந்தால் அந்த அறிக்கையைக் கையில் வைத்திருங்கள். விரிவான மதிப்பீடு தேவைப்பட்டால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்துக்கோ (NIEPMD) வேலூர் சி.எம்.சி.க்கோ ஒருமுறை சென்று, பயிற்சித் திட்டத்தை எழுதி வாங்கி வந்து, அன்றாடப் பயிற்சியை இங்கேயே தொடரலாம். வாரந்தோறும் ரயிலேறுவது குழந்தைக்கும் ஆகாது, பெற்றோருக்கும் ஆகாது.

தெரபிஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் (RCI) பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். 'ஓ.டி.' என்று சொல்லப்படும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் செயல்முறை சிகிச்சையாளர்கள் அந்தக் குழுமத்தின் கீழ் வருவதில்லை என்பதால், அவர்களிடம் பட்டத்தையும் அவர்களது தொழில்சார் சங்கப் பதிவையும் கேட்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல், நல்ல ஓ.டி. ஒருவரைப் போலி என்று எண்ணி நாங்கள் ஒதுக்கியதும் உண்டு.

நாங்கள் முதலில் சேர்த்த மையத்தில் மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பிறகு கிடைத்த பயிற்சியாளர் என்னை அறைக்குள்ளேயே உட்கார வைத்தார். கண்ணாடி டப்பாவில் முறுக்கைப் போட்டு இறுக மூடி, மகன் முன்னால் தரையில் வைத்துவிட்டுப் பேசாமல் காத்திருந்தார். அவன் திறக்கப் பார்த்தான், முடியவில்லை; அவர் கையை இழுத்து மூடியின் மேல் வைத்தான். அவர் திறக்கவில்லை. அவன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்த கணத்தில் "தா" என்று தாமே சொல்லி, கால் முறுக்கை மட்டும் எடுத்துக் கொடுத்தார். மீதி முறுக்குக்கு அது போல் இன்னும் நாலைந்து முறை. இதையே வீட்டில் தினமும் செய்யச் சொல்லி, அடுத்த வாரம் எதைக் கவனிக்க வேண்டும் என்று நோட்டில் எழுதியும் கொடுத்தார். கட்டடமும் விளம்பரப் பலகையும் எப்படி இருந்தாலும், இப்படி வேலை செய்பவரைத் தேடுங்கள்.

வெளிநாட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு இங்கே தமிழில் பயிற்சி தருவார்கள். ஒரு மொழி போதும், மற்றதை விட்டுவிடுங்கள் என்று சிலர் சொல்லவும் கூடும். இரு மொழிகள் கேட்பதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு கெடுவதில்லை என்பதே ஆய்வுகள் காட்டுவது. பாட்டியும் தாத்தாவும் தமிழில் பேசும் வீட்டில் குழந்தையை அந்தப் பேச்சிலிருந்து ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கும் வேலை அலுப்பூட்டுவது, ஆனால் தள்ளிப்போடக் கூடாதது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசுப் படிவங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற சொல்லைக் கண்டால் மிரள வேண்டாம், அது ஆட்டிசத்தைத்தான் குறிக்கிறது. சான்றில் பழக்கத்தில் 'அறிவுசார் குறைபாடு' என்று மட்டும் குறித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் (UDID) கிடைக்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழிகாட்டும். அதன் பின் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான அதன் வரம்புக்குள் தெரபிச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு. குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. பள்ளி தொடர்பான சிறப்பாசிரியர் உதவியை வட்டார வள மையத்தில் கேளுங்கள்.

ஸ்டெம் செல் ஊசியால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே தெரிவித்துவிட்டது. உறவினர்களோ சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்கா கோயிலில் ஓசை கொடுத்த நாயகி அம்மனிடம், பேச்சு வர வேண்டிக்கொள்ள, குழந்தையை அழைத்துப் போகச் சொல்வார்கள். தாராளமாகப் போய்வாருங்கள், கூட்டமும் மேளச் சத்தமும் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்த வாரத் தெரபி வகுப்பு ஒன்றையும் விடாமல்.