ரத்தக்குழாய் விறைக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்துதான் குழாயைத் தளர்த்துகிறது. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு ரத்தத்தில் கூடினால் அது சுவருக்குள் புகுந்து படியும்; அந்தச் சுரப்பு குறையும். கடலில் வலை இழுப்பதுபோல் கடும் வேலை செய்யும்போது இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும், குழாயோ விரியாது. அதுவரை வலியே தெரியாது, அதுதான் வினை.

ரத்தக் கொழுப்பை அளக்கும் லிப்பிட் பரிசோதனையில் எல்.டி.எல். 100 மி.கி./டெ.லி.-க்குள் இருந்தால் நல்லது. மாரடைப்பு வந்தவருக்கு இன்னும் குறைவாக, 55-க்குள்.

பாம்பன், மண்டபம் பக்கம் இதயத்துக்கு நல்லதான சாளை மீன் மலிவு. வாரம் இரண்டு நாள் புளிக்குழம்பாக வையுங்கள், தேங்காயைக் குறைத்து. மீன் பொரித்த எண்ணெயையே மறுநாளும் சட்டியில் ஊற்றுவதுதான் பெரிய தப்பு. கருவாட்டில் சிக்கல் கொழுப்பு அல்ல, உப்பு, பிரஷர் ஏறும்.

எல்.டி.எல். எண் இறங்கியதும், அதைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் மறுபடி ஏறிவிடும். மாத்திரையால் தசை வலித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றித் தருவார்.