தம்பியின் பேச்சு மாறியபோது: ஒரு அக்காவின் குறிப்புகள்

என் தம்பி 19 வயதில், சீடர்களைச் சேர்த்துத் தனிக் கூட்டம் நடத்திய ஒரு 'ஆசானிடம்' போனான். 21 வயதில் திரும்பி வந்தான். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்போது அப்படி ஒரு இடத்தில் இருந்தால், நான் தாமதமாகப் புரிந்துகொண்டதை நீங்கள் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில், அவனை ஏமாளி என்று நினைக்காதீர்கள். அப்பா இறந்த மூன்றாவது மாதம் போனான். வீட்டில் நாங்கள் யாரும் அவன் அழுததைக் கேட்க உட்காரவில்லை, அந்த ஆள் உட்கார்ந்தார். அமெரிக்காவில் தன் சீடர்களைக் கொலைக்கு அனுப்பிய கூட்டத் தலைவன் சார்லஸ் மேன்சன். 1967இல் சிறையிலிருந்து வெளியே வந்த அவனும் வீட்டை விட்டு வந்த இளம் பெண்களைத்தான் சேர்த்துக்கொண்டான்.

அப்புறம் தூக்கம் குறையும், பழைய நண்பர்கள் விலகுவார்கள். இது எல்லோர் கண்ணிலும் படும்.

கண்ணில் படாதது ஒன்று உண்டு. வன்முறை கட்டளையாக முதலில் வராது, ஒத்திகையாக வரும். மேன்சன் தன் ஆட்களை ராத்திரியில் அந்நியர் வீடுகளுக்குள் அனுப்பினான். தூங்குபவர்களை எழுப்பாமல் பொருட்களை இடம் மாற்றி வைத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். 1969 ஆகஸ்டில் அதே பிள்ளைகள் இரண்டு இரவுகளில் ஏழு பேரைக் கொன்றார்கள். என் தம்பிக்கு வந்த முதல் வேலை, கூட்டத்தை விட்டு விலகிப்போன ஒருவரின் வாசலில் பேசாமல் ஒரு மணி நேரம் நிற்பது. "சும்மா நின்னேன்க்கா" என்றான். நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

வார்த்தைகளையும் கவனியுங்கள். ஜப்பானில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கூட்டம் கொலையை 'போவா' என்றது. உயிரை மேல்நிலைக்கு அனுப்புவது என்று பொருள் சொன்னார்கள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷத்தைப் பரப்பியவர்களில் ஒருவர் இதய மருத்துவர். படித்தவன் சிக்கமாட்டான் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். என் தம்பி, ஊரே அறிந்த ஒரு நல்ல மனிதரை 'அழுக்கு' என்றான். அடுத்த முறை, 'அழுக்கைத் துடைக்கணும்' என்றான். இப்படிக் கேட்டால், சொன்னது சொன்னபடி தேதியோடு எழுதி வையுங்கள்.

ஆசானைத் திட்டாதீர்கள். 'வீட்டில் இப்படித்தான் திட்டுவார்கள்' என்று அவர் முன்பே சொல்லி வைத்திருப்பார். நீங்கள் திட்டினால் அவர் சொன்னது பலித்ததாகிவிடும். பணம் கையில் கொடுக்காதீர்கள், திரும்பி வர டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை, சின்னதாகப் பேசுங்கள். அவனுக்குப் பழைய முழங்கால் வலி உண்டு. நான் அதை மட்டும்தான் விசாரிப்பேன். பக்கத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருப்பது அவன் இடைவெளி விட்டுப் பேசுவதிலேயே தெரியும்.

ஆனால் ஆயுதம், ஒருவர் பெயர், ஒரு நாள் என்று பேச்சு வந்துவிட்டால் பொறுமைக்கு இடமில்லை. அன்றே காவல்துறைக்குச் சொல்லுங்கள். தம்பி மாட்டிக்கொள்வானே என்ற பயம் வரும், எனக்கும் வந்தது. அந்தப் பெயருக்கு உரியவருக்கும் ஒரு வீடு இருக்கிறது.

ஒரு ராத்திரி அவனே கூப்பிட்டு, "முழங்கால் ரொம்ப வலிக்குதுக்கா" என்றான். போய் அழைத்து வந்தேன். ஏன், எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. பதினோரு நாள் தூங்கினான், சாப்பிட்டான். பன்னிரண்டாம் நாள் காலையில், அடுத்து யார் வாசலுக்குப் போகச் சொன்னார்கள், கையில் என்ன கொடுத்தார்கள் என்று அவனாகவே சொன்னான். என் நோட்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் காவல் நிலையத்துக்கு நடந்தோம்.