பாட்டில் என்ற ஒரு சொல்லும் ஒலியனியலில் சறுக்கும் இடங்களும்

"தமிழில் மொத்தம் 247 ஒலிகள்" என்று, ஒரு மொழியில் எந்த ஒலிகள் பொருளை மாற்றுகின்றன என்று ஆராயும் ஒலியனியலின் முதல் வகுப்பில் எழுந்து நின்று சொன்னவன் நான். ஆசிரியர் மறுத்துப் பேசவில்லை. பலகையில் 'பாட்டில்' என்று எழுதி வாசிக்கச் சொன்னார். நான் தண்ணீர் பாட்டிலை நினைத்து வாசித்தேன். பக்கத்திலிருந்தவன் 'அந்தப் பாட்டில் ஒரு வரி' என்பதில் வரும் பாட்டில் என்று வாசித்தான். எழுத்து ஒன்றுதான், சொல் இரண்டு. வேறுபடுவது முதல் ஒலி மட்டும்.

எழுத்தை ஒலி என்று எண்ணுவதுதான் முதல் தவறு. 247 என்பது 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம் சேர்ந்த கணக்கு. உயிர்மெய் ஒவ்வொன்றும் இரண்டு ஒலிகளின் கூட்டு என்பதால், அதைத் தனி ஒலியாக எண்ணினால் ஒரே ஒலியைப் பல முறை எண்ணியதாகும். தொல்காப்பியம் 30 எழுத்தும், சார்ந்து வரும் மூன்றும் என்றுதான் கணக்குச் சொல்கிறது.

அடுத்தது, 'காந்தி' என்ற பெயரின் முதலில் வரும் ஒலி தமிழிலேயே கிடையாது என்ற பேச்சு. படித்தவர்களும் சொல்வார்கள். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு 'மக்கள்' என்று சொல்லிப் பாருங்கள். க்க வரும்போது அதிர்வு ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கும். இப்போது 'மங்கை'. அதிர்வு நிற்காது. மங்கையில் இருப்பது காந்தியின் முதல் ஒலியேதான். 'மகன்' என்று வேகமாகச் சொன்னால் பலர் வாயில் அதே க கிட்டத்தட்ட ஹ ஆகிவிடும். ஆக ஒலிகள் இருக்கின்றன. ஆனால் எது எங்கே வரும் என்பதை இடமே முடிவு செய்துவிடுகிறது: சொல்லின் தொடக்கத்தில் ஒன்று, மெல்லினத்துக்குப் பின் ஒன்று, இரு உயிர்களுக்கு நடுவே ஒன்று. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுப் பொருளை மாற்ற முடியாது. இப்படி இடத்துக்கு இடம் மாறி வருபவை மாற்றொலிகள், இவற்றுக்குப் பொதுவாக நிற்பது க என்ற ஒலியன், அதாவது பொருளை மாற்றக்கூடிய ஒலி அலகு. மாற்றொலி என்றால் கொச்சையான உச்சரிப்பு என்று நினைக்க வேண்டாம். 'கடல்' என்பதில் வருவதும் ஒரு மாற்றொலிதான். வல்லின ஒலி இப்படி இடத்தைப் பொறுத்து மாறுவதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே விதியாக எழுதியிருக்கிறார்.

உடனே ஒருவர் கேட்பார்: "படு, பட்டு என்று பொருள் மாறுகிறதே, அப்போ ட இரண்டு ஒலியன்தானே?" நல்ல கேள்வி, ஆனால் ஒப்பிட எடுத்த சொல் இணை தவறு. அங்கே அதிர்வு மட்டும் மாறவில்லை, ட இரட்டித்தும் இருக்கிறது. ஒப்பிடும் இரு சொற்களிலும் ஒரே ஓர் இடத்தில், ஒரே ஓர் ஒலிதான் வேறுபட வேண்டும். கல், பல் சரி. படம், பாடம் சரி. படு, பட்டு என்ற இணை தனி ட-வுக்கும் இரட்டை ட்ட-வுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டும்.

பாட்டில் இணை இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. 'கேஸ்' போடுவதும் 'கேஸ்' தீர்ந்துபோவதும் அப்படியே. இரவல் சொற்களை நீக்கிவிட்டு, 'தமிழில் ப ஒரே ஒலியன்' என்று எழுதிவிடுகிறார்கள். பழைய தமிழுக்கு அது சரி. இன்று தெருவில் பேசும் தமிழுக்கு, சொல்லின் முதலிலாவது இரண்டு ஒலியன் என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மை என்பது என் கட்சி.

யாருடைய பேச்சு என்று சொல்லாமல் ஒலியன்களைப் பட்டியல் போடுவதும் அடிக்கடி நடக்கும். வலி, வளி, வழி என்ற மூன்றும் பாடநூலுக்குப் பிடித்த எடுத்துக்காட்டு. வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்பவர் வாயில் கடைசி இரண்டும் ஒன்றாகிவிடும். அவர் பேச்சில் அது இணையே இல்லை.

ஒரே இடத்தில் வராத இரண்டு ஒலிகளையெல்லாம் ஓர் ஒலியனில் கட்டிவிடவும் கூடாது. ஆங்கிலத்தில் ஹ அசையின் முதலில் மட்டும் வரும், ங் அசையின் முடிவில் மட்டும் வரும். அதற்காக இரண்டையும் யாரும் ஒன்று என்பதில்லை. ஒலிப்பிலும் ஓர் ஒற்றுமை வேண்டும்.

அப்புறம் ந, ன. நமக்கு இரண்டு எழுத்து. ஆனால் இன்றைய பேச்சில் பெரும்பாலோருக்கு 'நாய்' முதலிலும் 'பனை' நடுவிலும் ஒரே ஒலிதான். த-வுக்கு முன்னால் மட்டும் நாக்கு தானாகப் பல்லைத் தொடும். மலையாளத்தில் கதை தலைகீழ். அங்கே இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஆனால் ஒலி வேறு. 'என்னால்' என்று நம்மைப்போலச் சொன்னால் 'என்னால்' என்றே பொருள். நாக்கைப் பல்லில் வைத்து 'எந்நால்' என்றால் 'ஆனால்' என்று பொருள். எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.