நாவல் படித்துக் கருத்து எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு மாதங்களாகத் துப்பறியும் கதை, திகில், சரித்திரம், ரஷ்ய நாவல் என்று மாற்றி மாற்றிப் படித்தேன். ஒவ்வொன்றையும் முடித்ததும் நோட்டில் கருத்து எழுதி வைப்பது வழக்கம். நேற்று அவற்றை மொத்தமாகத் திருப்பிப் பார்த்தேன். பல பக்கங்களில் நாவலைப் பற்றி எதுவுமே இல்லை. நான் எதிர்பார்த்து வந்தது கிடைக்கவில்லை என்ற மனக்குறைதான் இருந்தது.

இதைத்தான் பெரிய தவறாக நினைக்கிறேன். ஒரு துப்பறியும் நாவலுக்கு, "பாத்திரங்களில் ஆழம் இல்லை" என்று எழுதியிருந்தேன். அந்த வகையில் ஆசிரியர் எல்லோரையும் வேண்டுமென்றே பாதி மூடித்தான் வைப்பார். ஒருவருடைய மனசை முழுக்கத் திறந்து காட்டினால் அவர் கொலையாளியா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துபோகும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. தடயங்கள் நம் கண்முன்னே நேர்மையாக வைக்கப்பட்டனவா? முடிவு தெரிந்தபின் பின்னால் புரட்டினால் அவை அங்கே கிடக்கின்றனவா? கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஓர் இரட்டைச் சகோதரன் முளைத்தால் தாராளமாகக் குறை சொல்லலாம். அதேபோல, மூன்று தலைமுறைக் கதை சொல்லும் நாவலில் பரபரப்பு இல்லை என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை. ஒரே துக்கத்தை நாற்பது பக்கம் அதே சொற்களில் சொன்னால், அது நிஜமான குறை. அதை எழுதுங்கள்.

அடுத்தது, நமக்கு முன்பே தெரிந்ததைப் பாத்திரங்கள் மேல் ஏற்றுவது. 'டிராகுலா' 1897இல் வந்த, மனித ரத்தம் குடிக்கும் பிரபுவைப் பற்றிய நாவல். இன்று படிப்பவர், "கழுத்தில் இரண்டு தழும்பு இருக்கிறது, இன்னுமா புரியவில்லை?" என்று அலுத்துக்கொள்வார். நானும் அலுத்துக்கொண்டேன். ஆனால் அது முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைத் துணுக்கு ஆகியவற்றாலேயே ஆனது. ஒவ்வொருவருக்கும் தன் கையில் இருக்கும் துண்டு மட்டும்தான் தெரியும். அந்தத் துண்டுகள் ஒன்றுசேரும் வேகத்தில்தான் அதன் திகிலே இருக்கிறது.

சரித்திர நாவல்களில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. சிலர் நாவலையே வரலாறாக எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் கற்பனையைக் கண்டாலே பொய் என்கிறார்கள். 'பொன்னியின் செல்வன்' நல்ல உதாரணம். குந்தவையும் வந்தியத்தேவனும் வரலாற்றில் இருந்தவர்கள். நந்தினி கல்கியின் கற்பனை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் நிலங்கள் பறிக்கப்பட்டதை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. கொலை எப்படி நடந்தது என்பதை அது சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் நாவல் நுழைகிறது. அந்த இடத்தை ஆசிரியர் எப்படி நிரப்பினார் என்று பார்ப்பதுதான் வாசகரின் வேலை. இன்னொன்று, இது 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக வந்தது. அத்தியாயம்தோறும் முடிச்சு போட்டு நிறுத்துவதும், நடந்ததை அவ்வப்போது நினைவூட்டுவதும் ஒரு வாரம் காத்திருந்த வாசகருக்காகச் செய்தவை. ஒரே மூச்சில் படித்துவிட்டு இழுவை என்று எழுதினால் அது நியாயமாகாது.

மொழிபெயர்ப்பு விஷயத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'குற்றமும் தண்டனையும்' என்ற ரஷ்ய நாவலைப் படிக்கும்போது பாத்திரங்கள் ஏராளம் என்று முதலில் தோன்றியது. ரஸ்கோல்னிகோவ், ரோடியன் ரோமானோவிச், ரோத்யா என்று வருவது மூவர் அல்ல, ஒரே ஆள். குடும்பப் பெயர், தந்தை பெயரோடு சேர்ந்த மரியாதைப் பெயர், வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர். யார் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார் என்பதே அவர்களுக்குள் எவ்வளவு நெருக்கம் என்று காட்டிவிடும். முதல் பக்கத்திலேயே பெயர்களைக் குறித்துக்கொண்டால் பாதிச் சிரமம் போய்விடும். வாக்கியம் முரடாக இருந்தால் மூல ஆசிரியரைக் குறை சொல்வதற்கு முன், முடிந்தால் இன்னொரு மொழிபெயர்ப்பில் அதே பக்கத்தைப் பாருங்கள்.

அப்புறம், பாத்திரம் பேசுவதை ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கதைச் சுருக்கத்தை எழுதிவிட்டு அதையே கருத்து என்று சொல்லவும் வேண்டாம். "அருமை", "விறுவிறுப்பு" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது; எந்தக் காட்சி, ஏன் பிடித்தது என்று ஒரு வரி போதும். பாதியில் விட்டிருந்தால் எந்த இடத்தில் விட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

முடிவை உடைப்பதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' நாடகம் 1952இல் லண்டனில் தொடங்கியது. கொலையாளி யார் என்று வெளியே சொல்லாதீர்கள் என்று காட்சி முடிந்ததும் பார்வையாளர்களிடம் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். ஒரு நாவலின் திருப்பத்தை முதன்முதலாகச் சந்திக்கும் அனுபவம் ஒருவருக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். அதை நாம் பறித்துவிடக் கூடாது.

இப்போதெல்லாம் முடித்த அன்றே எழுதுவதில்லை. மூன்று நாள் விடுகிறேன். கனமான நாவலுக்குப் பிறகு உடனே எடுத்த புத்தகம் சப்பென்று தோன்றுவதும் அதற்குள் தெளிந்துவிடுகிறது. மூன்றாம் நாள் நாயகனின் பெயர் மறந்துபோய், அவன் கதவைத் தட்டாமல் நின்ற அந்த ஒரு நிமிஷம் மட்டும் மனசில் இருந்தால், அதையே முதல் வரியாக எழுதுகிறேன்.